பதினோராம் நம்பர் கட்டில்

சிஸ்டர் அக்னெஸ் இரண்டு காகிதங்களையும் மேசைமேல் அருகருகே வைத்து, மடிப்பு விழுந்த இடங்களை உள்ளங்கையால் தேய்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“இதிலை ஆர் நீர்?”

இடது பக்கம் இருந்தது நோர்வூட் கோயில் சாமியார் எழுதிக் கொடுத்த ஞானஸ்நானச் சீட்டு. சிசிலி, பத்திநாதனுக்கும் சவரியம்மாவுக்கும் மகள், பிறந்தது 1944 நவம்பர். வலது பக்கம் அரசாங்கத்துப் பிறப்புச் சான்றிதழ். தெரேசா, அதே பத்திநாதனுக்கும் அதே சவரியம்மாவுக்கும் மகள், பிறந்தது 1941 மார்ச். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். கோட்டுப் பொத்தானையெல்லாம் கழுத்துவரை போட்டு, குடையை இரண்டு கையாலும் பிடித்தபடி, நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் நின்றவர், “ரெண்டும் இவதாங்க சிஸ்டர்” என்றார். பொய் சொல்லத் தெரியாதவர்கள் பொய் சொல்லப் போகக் கூடாது. எனக்கு அந்த மெழுகு பூசிய தரை பிளந்து என்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது.

அந்தக் கல்லூரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர்தான் கல்லூரி. ஹட்டனுக்கு மேலே, ஒரு துரை விட்டுவிட்டுப் போன பழைய பங்களா. துரைமார் பந்து உருட்டி விளையாடிய அறை சிற்றாலயமாகியிருந்தது. குதிரை லாயத்தில் இரண்டு வகுப்பறைகள். பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு மதர் ஆறு வருஷத்துக்கு முன்னால் அதை ஆரம்பித்தார். பெண்கள் படிக்க வேண்டும், அதிலும் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்குத் தோட்டத்தில் பிறந்த பெண்களே வாத்தியாரம்மாவாக வர வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் படம் கூடத்தில் சிரித்தபடி மாட்டியிருந்தது. நல்ல மனுஷி, அதில் சந்தேகமில்லை. ஆனால் எங்கள் தகரப் பெட்டிகளில் என்ன காகிதம் கிடக்கும், என்ன காகிதம் கிடக்காது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஆறு வருஷத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வந்து படித்தவர்கள் மூன்றே பேர். மற்றதெல்லாம் கடை முதலாளிகளின் பிள்ளைகளும் கிளாக்கர் ஐயாமாரின் பிள்ளைகளும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை என்பார்கள். இங்கே சாமி, பூசாரி இரண்டு பேருமே கொடுக்கத் தயார், வாங்குகிற கையில்தான் கோளாறு.

காகிதங்களைக் கேட்பதற்கு முன்னால் சிஸ்டர் என்னை மேலே கூட்டிப்போய்ப் படுக்கிற அறையைக் காட்டியிருந்தார். அதுதான் அவர் செய்த பிழை. பதினாறு இரும்புக் கட்டில்கள். வெள்ளைப் பூச்சு அங்கங்கே உதிர்ந்திருந்தது. கால்மாட்டில் கறுப்பு மையால் நம்பர். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்ன மேசை, அதற்கு ஓர் இழுப்பறை, இழுப்பறைக்கு ஒரு சாவி. “பதினொண்டு உமக்கு” என்றார். ஜன்னலோரம். சிவப்புக் கம்பளி நாலாய் மடித்து வைத்திருந்தது. நான் அதைத் தொடவில்லை, ஆனால் சாவியைத் தொட்டுப் பார்த்தேன். எட்டாம் வகுப்பை நோர்வூட் கோயில் பள்ளிக்கூடத்தில் முதலாவதாய்ப் பாஸ் பண்ணிவிட்டு, மூன்று வருஷமாய்க் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த எனக்கு, பூட்டித் திறக்க ஒரு சாமான் இருக்கப்போகிறது என்ற நினைப்பே தலைக்கேறிவிட்டது. பிறகுதான் கீழே வந்து அந்த இரண்டு காகிதங்கள்.

“ரெண்டு பேர் ஒரு கட்டிலிலை படுக்கேலாது, பத்திநாதன்” என்றார் சிஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர். கோபப்படாமலே கறாராகப் பேசுவார். “தெரேசாவுக்கு இருவது வயசு. பதினெட்டுக்கு மேலை இஞ்சை எடுக்கிறேல்லை. சிசிலிக்குப் பதினேழு. ஆனால் சிசிலி பிறந்ததுக்கு அரசாங்கக் கடதாசி ஒண்டும் இல்லை. தெரேசா எங்கை?”

அப்பா சுவரைப் பார்த்தார். சுவரில் மதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா செத்துட்டா சிஸ்டர். நான் பொறக்கிறதுக்கு முந்தி” என்றேன் நான்.

சிஸ்டர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அப்புறம், அதைத்தானே எழுத வேண்டும், வேறென்ன என்பதுபோல, ஒரு சத்தியக் கடதாசி போதும் என்றார். மூத்த பிள்ளை இறந்துவிட்டது, இது இரண்டாவது பிள்ளை என்று எழுதி, தாயும் தகப்பனும் சமாதான நீதவானுக்கு முன்னால் கை வைத்துக் கொண்டுவந்தால், மீதியைக் கல்லூரி பார்த்துக்கொள்ளும். “மூண்டு இராசாக்கள் திருநாள் மட்டும் கட்டிலை வைச்சிருப்பன். அண்டைக்குப் பின்னேரம் தாண்டினால் என்னாலை ஏலாது. நாலு பிள்ளையள் காத்துக்கொண்டு நிக்கினம்.”

ஜனவரி ஆறு. மூன்று வாரம் முழுசாக இருந்தது. பங்களாச் சரிவில் இறங்கும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை. இரண்டு வரி எழுதி இரண்டு கைநாட்டு, இதுகூடவா ஆகாது? பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் அப்பா குடையை விரித்தார். மழை அப்போதுதான் பிடித்தது.

“அந்தக் கடுதாசி எழுத முடியாது” என்றார்.

தெரேசா செத்தது மடு மாதா கோயிலடியில். அந்த வருஷம் ஆவணித் திருவிழாவுக்கு அப்பாவும் அம்மாவும் நேர்த்தி வைத்துப் போனார்கள். அம்மாவின் வயிற்றில் நான். மூன்று வயது அக்காவை அப்பா தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். காட்டில் குடிசை போட்டுத் தங்கிய இரண்டாம் நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் முடிந்துவிட்டது. அங்கேயே, யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்த வெள்ளைத் துணியில் சுற்றிப் புதைத்துவிட்டு, வெறும் தோளோடு திரும்பி வந்தார்கள். யுத்த காலம். தோட்டத்தில் அரிசியை ஆளுக்கு இவ்வளவு, பிள்ளைக்கு இவ்வளவு என்று அளந்துதான் போடுவார்கள். அந்த வாரம் அரிசி வாங்கப் போன அப்பா, பிள்ளை செத்துவிட்டதென்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றுதான் போனாராம். வரிசையில் நிற்க நிற்க வாய் வரவில்லையாம். அடுத்த வாரமும் வரவில்லை. தெரேசாவின் அரிசியைத் தின்றுதான் அம்மா என்னைச் சுமந்தாள். நான் பிறந்து, புதுப் பிள்ளை என்று எழுதப் போனால், பழைய பிள்ளை எங்கே என்று கேட்பார்கள். ஆகவே எழுதவில்லை. நவம்பர் இருபத்திரண்டு அர்ச்சிஷ்ட சிசிலியம்மாள் திருநாள் என்பதால் கோயிலில் எனக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். தோட்டத்துக்கு நான் தெரேசாதான். லயத்தில் ஆறு காம்பரா வீட்டுக்கும் இது தெரியும். தெரிந்தவர்கள் யாரும் எழுதுகிறவர்கள் இல்லை, எழுதுகிறவர்கள் யாரும் கேட்டதில்லை. பதினேழு வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

இது எனக்குப் பழைய கதை. புதுக் கதையை அப்பா பஸ் நிறுத்தத்தில்தான் சொன்னார். இலங்கைப் பிரஜாவுரிமைக்கு ஐம்பத்தொன்றில் மனுப் போட்டாரே, அதில் பிள்ளை என்ற இடத்தில் மகள் தெரேசா, வயது பத்து என்று எழுதி, அந்தப் பிறப்புச் சான்றிதழைத்தான் காட்டியிருக்கிறார். அப்போது எனக்கு ஆறு வயது. பத்து வருஷமாய் அந்த மனு ஏதோ ஒரு கட்டுக்குள் கிடக்கிறது. வருகிற மாசியில் விசாரணைக்கு வரச்சொல்லிக் கடுதாசி வந்திருக்கிறது. இப்போது போய் அந்தப் பிள்ளை நாற்பத்துநாலிலேயே செத்துவிட்டதென்று சத்தியம் செய்தால், ஐம்பத்தொன்றில் போட்டது பொய் மனு. மனு போனால் நாங்கள் மூன்று பேரும் எந்த ஊருக்கும் சொந்தமில்லாதவர்கள்.

“பேப்பரு வந்தாத்தான் நமக்குன்னு ஒரு ஊரு. ஊரு இல்லாதவளுக்குப் படிப்பு எதுக்கு?” என்றார்.

படிப்பு இல்லாதவளுக்கு ஊர் எதுக்கு என்று நாக்கு நுனிவரை வந்தது. பஸ்ஸில் ஆட்கள் இருந்தார்கள், பேசாமல் இருந்துவிட்டேன். நோர்வூட் வரும்வரை அழுதேன். யாருக்கும் தெரியவில்லை, எல்லார் முகமும் மழையில் நனைந்துதான் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. காலையில், வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் ஆண்டியப்பன் கணக்கப்பிள்ளை புத்தகத்தை விரித்துப் பெயர் கூப்பிடுவார். “தெரேசா” என்பார். “இருக்கேங்க” என்பேன். முன்பெல்லாம் அது வாயில் தானாக வரும். இப்போது ஒவ்வொரு காலையும் கல்லை விழுங்குகிற மாதிரி இருந்தது. இருபது வயதாகி, கல்லூரிக்கு லாயக்கில்லாமல் போய், புத்தகத்துக்குள் சொகுசாக உட்கார்ந்திருக்கிற அந்தத் தெரேசாமேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூன்று வயதுப் பிள்ளை, என்ன பாவம் செய்தது என்று யோசிக்கிற நிலைமையில் நான் இல்லை. அவள் செத்துத் தொலைத்தும் எனக்கு இடம் விடவில்லை என்றுதான் தோன்றியது. கொழுந்தைக் கிள்ளாமல் காம்போடு பிய்த்து இரண்டு நாள் திட்டு வாங்கினேன்.

நத்தார் பூசை முடிந்ததும் சாமியாரிடம் போய் நின்றேன். ஞானஸ்நானப் புத்தகத்தில் இருப்பதைத்தான் எழுதிக் கொடுத்தேன் மகளே, அரசாங்கத்துப் புத்தகத்தில் என்னால் எழுத முடியாது என்றார். செபமாலை சொல்லச் சொன்னார். சொன்னேன். கட்டில் காலில் கறுப்பு மையால் எழுதிய பதினொன்றுதான் கண்ணுக்குள் நின்றது. வீட்டில் அப்பாவோடு பேசுவதை நிறுத்தினேன். அம்மா எப்போதும் அதிகம் பேசுகிறவளில்லை. இந்த விஷயத்தில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரொட்டி தட்டினாள், தேயிலை ஊற்றினாள், எனக்குச் சாதகமாகவும் பேசவில்லை, அப்பாவுக்குச் சாதகமாகவும் பேசவில்லை. ஊமைக் கோட்டானாக இருந்தாலும் அம்மா நம் பக்கம்தான் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி நான்காம் தேதி அப்பா வேலைக்குப் போகவில்லை. சாயங்காலம் நாங்கள் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது அடுப்புக்குப் பக்கத்தில் ஈரக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். வலது கைப் பெருவிரல் ஊதா மையாக இருந்தது. கோட்டின் உள்பையிலிருந்து பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒரு கடுதாசியை எடுத்து என் கையில் கொடுத்தார். சத்தியக் கடதாசி. ஹட்டனில் பெட்டிஷன் எழுதுகிறவரிடம் எழுதி, சமாதான நீதவான் முன்னால் கை வைத்திருந்தார். அடியில் இரண்டு இடம். ஒன்றில் அப்பாவின் பெருவிரல் ரேகை. மற்றது காலி.

“பத்து வருசமா வராத பேப்பரு இனியா வரப்போவுது. போனாப் போவுது” என்றார் என்னைப் பார்க்காமல். “நா வச்சுட்டேன். தாயும் வந்து வைக்கணுமாம். ஒங்கம்மாவக் கேளு.”

எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. ஆனால் கடைசியாகச் சொன்ன வார்த்தையின் தொனி சரியில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அம்மா கூடையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள். மாட்டிவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து உதறி, மெதுவாக மடித்தாள்.

“நா வக்க மாட்டேன்” என்றாள்.

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பஸ் நிறுத்தத்தில் அவர் சொன்னதெல்லாம் உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. அம்மா என்கிற இந்தச் சுவர் அங்கே நிற்பது அவருக்கு முதலிலேயே தெரியும்.

“அக்கா செத்ததுதானம்மா. இல்லாததையா எழுதச் சொல்றாங்க?”

“அவ சாகலன்னு சொல்லலடி. அத நா சொல்ல மாட்டேன்னுதான் சொல்றேன்.”

அதற்கு மேல் அவளை அசைக்க முடியவில்லை. கெஞ்சினேன். கட்டிலைப் பற்றிச் சொன்னேன், சாவியைப் பற்றிச் சொன்னேன். ரெண்டு வருஷத்தில் வாத்தியாரம்மாவாகத் திரும்பி வந்தால் நீ பெரட்டுக்கே போக வேண்டாம் என்றேன். அதைக் கேட்டதும் அவள் முகம் மாறிய விதம் எனக்குப் பிடிபடவில்லை. பெரட்டுக்குப் போகாமல் எப்படி என்பதுபோல் பார்த்தாள். காய்ச்சல் நூற்றுமூன்று இருந்த நாளில்கூட அம்மா பெரட்டுக்கு வராமல் இருந்ததில்லை. எல்லாருக்கும் பின்னால், எனக்கு நேர் பின்னால் நிற்பாள். பெயர் கூப்பிட்டு முடியும்வரை தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு மாதிரி நிற்பாள். தினம் ஒரு தடவை அந்தப் பெயரை ஒருவர் கூப்பிட, இருக்கேன் என்று ஒரு குரல் சொல்ல, அவள் கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு மிச்சம். இது எனக்கு அந்த நிமிஷத்தில் நன்றாகவே புரிந்தது. புரிந்தும் எனக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மூன்று வருஷமாக நான் யாருக்குப் பதிலாக ‘இருக்கேங்க’ சொல்லிக்கொண்டிருந்தேன் என்று தெரிந்துபோன ஆத்திரம்.

“அவ பேருல அரிசி வாங்கித் தின்னீங்கள்ல. அப்ப மட்டும் எறங்குச்சா?” என்று கேட்டுவிட்டேன்.

அம்மா மடித்த படங்கை மறுபடி விரித்து மறுபடி மடித்தாள். சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுக்க முடிந்தால் கட்டிலையே விட்டுக் கொடுத்திருப்பேன் என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றைக்கு, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்றுதான் இருந்தது. மறுநாள் முழுதும் ஒரே நிரையில் கொழுந்து எடுத்தோம், ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலமும் அந்தக் கடுதாசி சேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே, ஒரு ரேகையோடு அப்படியே கிடந்தது.

ஆறாம் தேதி விடிந்தது. அப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு, கடுதாசியை உள்பையில் வைத்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்தில் போய் நிற்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். யாரை எதிர்பார்த்துப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. அம்மா வழக்கம்போலப் படங்கைக் கட்டி, கூடையை எடுத்து, பெரட்டுக்குக் கிளம்பினாள். எல்லாம் முடிந்தது என்று நானும் என் கூடையை எடுத்தேன். வேறு என்ன செய்ய? பின்னேரம்வரை சிஸ்டர் வைத்திருப்பார். பிறகு கடைக்காரர் மகள் ஒருத்தி சிவப்புக் கம்பளியை விரித்துக்கொள்வாள்.

பெரட்டுக்களத்தில் பனி முழங்கால்வரை கிடந்தது. ஆண்டியப்பன் கணக்கப்பிள்ளை புத்தகத்தை விரித்து, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு கூப்பிட ஆரம்பித்தார். மீனம்மா. இருக்கேங்க. நாகலெட்சுமி. இருக்கேங்க. லெட்சுமி. இருக்கேங்க.

“தெரேசா.”

நான் வாயைத் திறக்கவில்லை. திட்டமிட்டுச் செய்ததில்லை. வாய் வரவில்லை, அவ்வளவுதான். பதினேழு வருஷத்துக்கு முன்னால் அரிசி வரிசையில் அப்பாவுக்கு வராமல்போன மாதிரி.

“தெரேசா.” இந்தத் தடவை என்னை நேராகப் பார்த்துக் கூப்பிட்டார். “என்னா புள்ள, காது அடச்சிருக்கா?”

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. அவள் பெரட்டுக்களத்தில் தன் பெயருக்கு அப்பால் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லை.

“அந்தப் புள்ள செத்துப்போச்சுங்க.”

யாரும் அசையவில்லை.

“மடுவுல. மூணு வயசுல. இது சிசிலிங்க. சின்னது.”

ஆண்டியப்பன் கணக்கப்பிள்ளைக்குத் தெரியாத சங்கதியா? எட்டு வருஷமாக எங்கள் கணக்கைப் பார்க்கிறவர். ஆனால் காதில் விழாத வரைதான் தெரியாமல் இருக்க முடியும். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தன்னை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா இன்னும் வரவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“சவரியம்மா, நா ஒண்ணும் கேக்கல. நீ பேசாம நெரைக்குப் போ.”

“இல்லீங்க” என்றாள் அம்மா. “எழுதிக்கங்க.”

அவள் முன்னால் வந்தாள். என் தலையிலிருந்து கூடைக் கயிற்றைக் கழற்றினாள். என் கூடையைத் தன் கூடைக்குள் இறக்கி, இரண்டையும் களத்து ஓரத்தில் வைத்தாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை, நானும் பார்க்கத் துணியவில்லை. கணக்கப்பிள்ளையின் பென்சில் புத்தகத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றபடி இருந்தது. கீழே வளைவில் பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்குப் போகும் முதல் பஸ் ஹார்ன் அடித்தது.

அம்மா பாதையில் இறங்கி எனக்கு முன்னால் நடந்தாள். நடந்தபடியே குனிந்து, ஓரத்துச் செடியின் பனியில் வலது கைப் பெருவிரலை நனைத்து, இடுப்புப் படங்கில் அழுத்தித் தேய்த்தாள். முப்பது வருஷத்துக் கொழுந்துக் கறை. போகவில்லை. இன்னொரு செடியில் நனைத்து மறுபடி தேய்த்தாள்.